வழிப்போக்கரின் உரிமை
யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஒரு குடும்பப் பயணம்

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த முறை எங்கே போவோம்?" பிள்ளைகள் நுவரெலியா என்பார்கள். வாப்பா கண்டி என்பார். உம்மாவுக்கோ எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும் நான்கு கவலைகள்தான். தொழ இடம் இருக்குமா? தண்ணீர் இருக்குமா? பெண் பிள்ளைகள் ஒதுங்க வசதி இருக்குமா? நம்பிச் சாப்பிடச் சோறு கிடைக்குமா?

அன்புச் சகோதரிகளே! இந்த நான்கு கவலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டே இம்முறை வடக்கே ஒரு வழியைச் சொல்ல விரும்புகிறேன். யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து மேற்கே, கடலை ஊடறுத்துப் போட்ட தாம்போதிகளில் தீவு தீவாகக் கடந்து செல்லும் வழி அது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, கடைசியில் நெடுந்தீவு. மூன்று நாட்கள் இருந்தால் ஆறுதலாகப் பார்த்துவிடலாம்.

பூமியில் சுற்றிப் பாருங்கள் என்று இறைவேதம் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அது கண்ணுக்கு விருந்து தேடுவதற்காக மட்டுமல்ல. நமக்கு முன் வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், அவர்களுடைய முடிவு என்னவாயிற்று என்று பார்த்துப் படிப்பினை பெறுவதற்காகவும்தான். இந்தத் தீவுகளில் அழகும் இருக்கிறது, படிப்பினையும் இருக்கிறது. அந்தப் படிப்பினையை ஒரு மன்னன் கல்லிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டாம் நாள் பயணத்தில் அந்தக் கல்லுக்கு வருவோம்.

எப்போது போவது?

இந்தக் கடலில் காற்று சொல்வதுதான் சட்டம். யாழ்ப்பாணத்தார் காற்றுக்கு வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம், படகுப் பயணத்துக்கு உகந்ததல்ல. மே மாதத்துக்குப் பின் சோளகம் பலமாக வீசும், அலை எழும்பும். ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரையுள்ள காலமே சிறு பிள்ளைகளோடு போவோருக்குத் தோதானது. ஏப்ரலில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நாள் குறிக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலின் திருவிழா வரும். வெசாக், பொசன் நாட்களில் அங்குள்ள நாகவிகாரைக்குத் தென்னிலங்கை மக்கள் திரள்வார்கள். பெப்ரவரி, மார்ச்சில் கச்சதீவு அந்தோனியார் பெருவிழாவுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து படகுகள் போகும். இந்த நாட்களில் துறைமுகமெங்கும் சனம் நிறைந்திருக்கும். கைக்குழந்தைகளோடு போகிறவர்கள் இவற்றைத் தவிர்த்துக்கொள்வது நல்லது.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. ஏ-9 வீதியில் பஸ்ஸும் வானும் உண்டு. தமிழகத்துச் சகோதரிகள் வருவதானால், சென்னையிலிருந்து பலாலிக்கு 2019இல் விமானப் பயணம் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் கப்பல் விட்டார்கள். கப்பல் பருவத்தைப் பொறுத்து நிற்பதும் ஓடுவதுமாக இருப்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொழுகையைப் பற்றி ஒரு சொல். கொழும்பிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வருகிறவர்கள் மூன்று நாள் பயணத்தில் முஸாபிர்களே. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கியும், லுஹரையும் அஸரையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் சுருக்கித் தொழுவார்கள், சேர்ப்பதில்லை. படகு நேரத்தோடு தொழுகை நேரம் மோதாமல் இருக்க, முதல் நாளிரவே வீட்டுக்காரரோடு இதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். இறங்குதுறையில் நின்றுகொண்டு தர்க்கம் செய்ய நேராது.

முதல் நாள்: சோனகத் தெருவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு

பயணத்தைச் சோனகத் தெருவில் தொடங்குங்கள். காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பட்டணத்தின் இந்தப் பகுதியில் பல நூற்றாண்டுகளாக நம் மக்கள் வாழ்ந்து வந்தார்கள். ஐந்து சந்தியைச் சுற்றிக் கடைகள், பள்ளிவாசல்கள், உஸ்மானியாக் கல்லூரி, கதீஜா மகளிர் கல்லூரி என்று அது ஒரு முழுமையான ஊர். அசனாலெப்பைப் புலவர் (1870-1918) போன்ற தமிழ்ப் புலவர்கள் தோன்றிய ஊர்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை, வீட்டுக்கு ஒருவர் உஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அங்கே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். நகை, பணம், வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் அற்பத் தொகையோடும் உடுத்த துணியோடும் மக்கள் வெளியேறினார்கள். வெளியேறும் வழியில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவைகூடக் கழற்றப்பட்டன. வட மாகாணம் முழுவதிலிருந்தும் அந்த மாதத்தில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் சென்று ஓலைக் கொட்டில்களில் புது வாழ்வு தொடங்கினார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்தபோதும், 2009இல் போர் முடிந்த பின்பும் சிலர் திரும்பி வந்தார்கள். பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்கள்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலர் அந்தத் தெருவில் பிறந்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளோ அந்தத் தெருவைக் கண்டே இருக்க மாட்டார்கள். கூட்டிப் போய்க் காட்டுங்கள். "இதுதான் உன் உம்மும்மா தண்ணீர் அள்ளிய கிணறு" என்று சொல்ல அந்தக் கிணறாவது மிஞ்சியிருக்கலாம். அங்கே ஸுபுஹைத் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள்.

யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டியதும் பண்ணைப் பாலம். இரண்டு பக்கமும் ஆழம் குறைந்த பரவைக் கடல். கழுத்தளவு தண்ணீரில் நின்று இறால் கூடு வைப்பவர்களைப் பார்க்கலாம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் மண்டைதீவுப் பக்கமும் அராலிப் பக்கமும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் இறங்கியிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். ஆனால் கல்லெறிந்து பறவைகளைக் கிளப்பிவிடச் சம்மதிக்காதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்த அவையும் வழிப்போக்கர்கள்தாம்.

அல்லைப்பிட்டியைக் கடந்தால் மண்கும்பான். கடற்கரை மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அங்கே வெள்ளைக் கடற்கரைப் பள்ளிவாசல் என்று நம்மவர் அழைக்கும் பள்ளி ஒன்று உண்டு. தீவுப் பாதையில் வுழுச் செய்து இளைப்பாற ஏற்ற இடம்.

அதை அடுத்தது சாட்டிக் கடற்கரை. கடல் அமைதியானது, ஆழமற்றது. பிள்ளைகள் குளிக்கலாம். பெண் பிள்ளைகளோடு போவோர் ஆட்கள் குறைந்த காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் சாட்டியின் பெருமை கடலில் இல்லை, அதன் கிணறுகளில் இருக்கிறது. சுற்றியுள்ள தீவுகள் பலவற்றில் கிணறு வெட்டினால் உவர்நீர்தான் வரும். சாட்டியில் நன்னீர் கிடைக்கும். மற்றத் தீவுகளுக்குக் குடிநீர் கொண்டுபோவதே இங்கிருந்துதான்.

அது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லிக்கொடுங்கள். பால் காய்ச்சி ஆற வைத்தால் மேலே ஆடை படிகிறதல்லவா? அதுபோல, மழைத்தண்ணீர் மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. அளவோடு அள்ளினால் ஆண்டு முழுவதும் கிடைக்கும். இயந்திரம் வைத்து அளவுமீறி இறைத்தால் ஆடை கிழிந்து, கீழிருந்து உப்பு ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு நல்ல கிணறாகத் திரும்ப நெடுங்காலம் செல்லும். ஓடும் ஆற்றில் வுழுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று படித்தவர்கள் நாம். அந்தப் பாடத்தின் பொருள் இந்தத் தீவுகளில்தான் நன்றாக விளங்கும்.

வேலணையிலிருந்து பிரிந்து போகும் வீதி ஊர்காவற்றுறையில் முடியும். போர்த்துக்கேயர் துறைமேடையைக் குறிக்கும் தங்கள் மொழிச் சொல்லால் இதை அழைத்தார்கள். அதுவே திரிந்து ஆங்கிலத்தில் கயிற்ஸ் ஆயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே இது ஊராத்துறை என்ற பெயரில் புகழ்பெற்ற துறைமுகம். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாளை தேவைப்படும்.

ஊர்காவற்றுறைக் கரையில் நின்றால் எதிரே தண்ணீருக்கு நடுவே ஒரு கோட்டை தெரியும். கடற்கோட்டை என்பார்கள். போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, பீரங்கிக்கு அஞ்சாத கோட்டை குடிதண்ணீர் இல்லாமல் சரணடைந்தது என்பார்கள். ஒல்லாந்தர் இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடைக்கு ஒப்பிட்டு, அதன் குதிகால் என்ற பொருளில் இதற்கு ஹேமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். 1971 கிளர்ச்சிக்குப் பின் ரோகண விஜேவீர இங்கேதான் அடைக்கப்பட்டிருந்தார். பின்னாளில் கடற்படையினர் இதை விடுதியாக நடத்தத் தொடங்கினார்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே சிறு கடல்வாய் இருக்கிறது. அதைக் கடக்கப் "பாதை" ஓடுகிறது. இந்தப் பகுதியில் பாதை என்றால் வீதியல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை. வான் ஏற்றுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறினால் காரைநகர் போய், சவுக்குமரக் கடற்கரையான கசூரினாவில் மாலைப் பொழுதைக் கழித்து, பொன்னாலைத் தாம்போதி வழியே பட்டணத்துக்குத் திரும்பிவிடலாம். ஏற்றாவிட்டால் வந்த வழியே திரும்புங்கள். அந்த வழியில் சூரியன் மறைவது பண்ணைக் கடலில் தெரியும்.

இரண்டாம் நாள்: நயினாதீவும் ஒரு கல்வெட்டும்

இரண்டாம் நாள் வேலணையிலிருந்து தெற்கே திரும்பினால் வாணர் தாம்போதி. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நீண்ட கடல்வழி அது. அதில் போகும்போது வண்டியின் இரு ஜன்னல்களிலும் கடல்தான்.

புங்குடுதீவில் நிற்காமல் போய்விடாதீர்கள். ஒழுங்கைகளில் கொஞ்சம் நடந்து பாருங்கள். நல்ல கல்வீடுகள், ஆனால் கூரை விழுந்து கிடக்கும். முற்றத்தில் பூவரசு முளைத்திருக்கும். இந்த ஊரார் போரில் இடம்பெயர்ந்து, கனடா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து என்று சிதறிப் போனவர்கள். சோனகத் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்து நேற்றுக் கலங்கிய நம் கண்ணுக்கு, இந்த வீடுகளின் துக்கமும் விளங்க வேண்டும். வீடு இழந்தவரின் நோவு எந்தச் சமூகத்துக்கும் ஒன்றுதான்.

புங்குடுதீவின் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. பட்டணத்திலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். இங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம், கூடினால் இருபது நிமிடம். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி முதலில் பிள்ளைகளுக்கு மாட்டுங்கள். "இவ்வளவு கிட்டத்துக்கு எதற்கு?" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

நயினாதீவு சின்னஞ்சிறு தீவு. அதில் மூன்று சமூகத்தாரின் வழிபாட்டிடங்களும் இருக்கின்றன. துறையில் இறங்கியதும் இந்துக்களின் நாகபூசணி அம்மன் கோவில். சற்றுத் தள்ளிப் பௌத்தர்களின் நாகவிகாரை. நாக அரசர்களான மாமனும் மருமகனும் ஒரு மணியாசனத்துக்காகப் போரிட வந்தபோது புத்தர் இங்கு வந்து சமாதானம் செய்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. நம் பள்ளிவாசலும் தீவில் உண்டு. நம்மவர் இங்கும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், 1990இல் இவர்களும் போக நேர்ந்தது. லுஹரை அங்கே தொழுதுகொள்ளலாம். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத் தீவு இதுதான் என்று கருதும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அங்கே கிடைத்ததாகக் கதை. கோவிலின் அன்னதான மண்டபத்துக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம்.

அம்மன் கோவிலில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. அதை வெட்டுவித்தவன் 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. சிங்கள மன்னன், ஆனால் கல்வெட்டோ தமிழில் இருக்கிறது. துறைமுகத்துக்கு வருவோர் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே? பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அது சொல்வது என்ன? ஊராத்துறைக்குப் பரதேசிகள் வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. பல துறைமுகங்களிலிருந்தும் அயலார் வந்து கூட வேண்டும் என்று வரவேற்கிறது. அதற்குப் பின் வருவதுதான் முக்கியமான செய்தி. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்துபோனால், கரை சேர்ந்ததில் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு சொந்தக்காரனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இதன் பெருமையை உணர வேண்டுமானால் அக்கால வழக்கத்தை அறிய வேண்டும். உலகின் பல கரைகளில், கப்பல் உடைந்து ஒதுங்கிய பொருளெல்லாம் அந்தக் கரையை ஆள்பவனுக்கே சொந்தம் என்று இருந்தது. கடலிலே தப்பிக் கரையேறியவன், கரையிலே எல்லாவற்றையும் இழந்து நிற்பான். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மன்னன், "உன் கப்பல் உடைந்தாலும் உன் பொருளில் உனக்குப் பங்குண்டு" என்ற கருத்தைக் கல்லில் வெட்டி வைத்தான். குதிரை கொண்டுவந்த வணிகர்களில் அரபு நாட்டவரும் இருந்திருப்பார்கள், ஏனென்றால் அந்நாளில் இந்துமாக்கடலில் குதிரை வணிகம் பெரிதும் அவர்கள் கையில் இருந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டு, காற்றின் போக்கில் புத்தளக் கரையை வந்தடைந்தார். அந்தக் கரை அப்போது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தில் இருந்தது. கடலில் பலம் படைத்த அந்த மன்னருக்கு அஞ்சி மாலுமிகள் துறையில் இறங்கவே தயங்கினார்கள். ஆனால் மன்னர் அவரைக் கண்ணியமாக வரவேற்றார். பாரசீக மொழியில் பேசினார். முத்துக்கள் கொடுத்தார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவா ஆதம் மலையைக் காண வேண்டும் என்றார் விருந்தாளி. உடனே பல்லக்கும், வழித்துணைக்கு ஆட்களும், உணவு சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினார் மன்னர். மன்னர் இந்து, விருந்தாளி முஸ்லிம்.

சகோதரிகளே! ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர் என்று நாம் படித்திருக்கிறோம். வந்தவனுக்கு ஊரின்மேல் உரிமை உண்டு என்பது நம் மார்க்கத்தின் பாடம். அதே பாடம் இந்த மண்ணிலும், இந்த மண்ணின் மொழியிலேயே, ஏறக்குறைய 850 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டிருக்கிறது. பரதேசியின் உடைந்த கப்பலில் இருந்த பொருளிலேயே பாதியும் முக்காலும் திருப்பிக் கொடுத்த கரையில், கூடவே பிறந்து வளர்ந்த அண்டை வீட்டாரின் பொருள் 1990இல் முழுவதுமாகப் பறிக்கப்பட்டது. இதைக் கோபத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். "நடந்தது இந்த மண்ணின் வழக்கமல்ல, அது வழக்கத்தை மீறிய செயல்" என்று சொல்லுங்கள். கோபத்தை மட்டும் வாரிசாகக் கொடுத்தால், பிள்ளை அந்த ஊருக்குத் திரும்பிப் போக மாட்டான். வழக்கம் என்னவென்று தெரிந்த பிள்ளைதான் அதை உரிமையோடு கேட்பான், பிறருக்கும் கொடுப்பான்.

கோவிலுக்குள் போக விரும்பாதவர்கள் துறையிலேயே ஒரு நிழலில் அமர்ந்து பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லலாம். எதிரே தெரியும் கடல்தான் அந்தக் கப்பல்கள் வந்த கடல்.

மூன்றாம் நாள்: நெடுந்தீவு

மூன்றாம் நாள் விடியலிலேயே புறப்பட வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே போகும் படகில் ஏறுங்கள். அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு பிஸ்கட்டும் ஓர் எலுமிச்சம்பழமும் போதும்.

ஏறும் முன் ஒன்றைக் கவனியுங்கள். நமக்கு இது உல்லாசப் படகு. தீவு மக்களுக்கோ இதுதான் பஸ், இதுதான் அம்புலன்ஸ், இதுதான் சந்தைக்குப் போகும் வண்டி. கிளினிக் கொப்பியோடு நிற்கும் கர்ப்பிணித் தாய்க்கும், பாடசாலைக்குப் போகும் ஆசிரியைக்கும் முதலில் இடம் விடுங்கள். நாம் அடுத்த படகில் போகலாம், அவர்களால் முடியாது.

இந்தக் கடலுக்கும் ஒரு துயரம் உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினி என்ற படகு நடுக்கடலில் நிறுத்தப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 தமிழர்கள் அதில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களுக்கான நினைவிடம் நெடுந்தீவில் இருக்கிறது. முதல் நாள் நாம் கடந்துவந்த ஊர்காவற்றுறைத் தீவில், அராலித்துறையில், 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவும் உடன் சென்ற படை அதிகாரிகளும் கண்ணிவெடியில் மாண்டார்கள். அந்தத் துக்கத்தைச் சிங்களக் குடும்பங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. சோனகத் தெரு, குமுதினி, அராலித்துறை என்று மூன்று நாள் பாதையில் மூன்று சமூகங்களின் கண்ணீரும் சிந்தியிருக்கிறது. நம்முடையதை மட்டும் எண்ணிக்கொண்டு திரும்பினால் பயணத்தில் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம்.

நெடுந்தீவுக்குத் தங்கள் நாட்டு நகரமான டெல்வ்றின் பெயரை வைத்தார்கள் ஒல்லாந்தர். இதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். துறையில் முச்சக்கர வண்டியோ வானோ பேசிக்கொண்டால் முக்கியமான இடங்களை அரை நாளில் பார்த்துவிடலாம். கூலியை ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். இறங்கிய பின் பேரம் பேசாதீர்கள்.

முதலில் கண்ணில் படுவது வேலிகள். யாழ்ப்பாணத்தில் பனையோலையால் வேலி அடைப்பார்கள். இங்கே முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வளவைச் சுற்றி மதில் வைத்திருக்கிறார்கள். கடல் கொடுத்த கல், கை கொடுத்த அடுக்கு. ஒரு கல்லைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள், அது ஒருவருடைய வேலி.

பிறகு மட்டக்குதிரைகள். ஐரோப்பியர் ஆட்சியில் இந்தத் தீவில் குதிரை வளர்த்தார்கள். ஒல்லாந்தர் கால லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆட்சியாளர் போனபின் குதிரைகள் காட்டுக்குதிரைகளாகி வெளியிலே திரிகின்றன. கடும் வரட்சி ஆண்டுகளில் தண்ணீரின்றி அவை மடிந்ததும் உண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும், புறாக்கூடும் பார்க்கத் தக்கவை. ஆனால் நம் பிள்ளைகள் அவசியம் காண வேண்டியது பெருக்க மரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம் இது. அடிமரம் பெருத்து, உள்ளே குடைந்து, இரண்டு மூன்று பேர் புகுந்து நிற்கலாம் போலிருக்கும். மன்னாரிலும் இத்தகைய மரம் உண்டு. அரபு மாலுமிகள்தான் இதைக் கொண்டுவந்து நட்டார்கள் என்பது தலைமுறையாக வழங்கும் செய்தி. எந்த ஊரிலிருந்தோ வந்த மரம், இந்த உவர் மண்ணில் வேர்விட்டு, இன்று இந்த ஊரின் அடையாளமாக நிற்கிறது. ஊரும் அதை வெட்டிவிடவில்லை.

உம்மாமாரின் பையில்

தண்ணீர்: தலைக்கு மூன்று போத்தலாவது பட்டணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நெடுந்தீவில் குடிநீர் அருமை. வுழுவுக்கு ஒரு சிறு செம்பு கொண்டு போனால் குழாயைத் திறந்துவிடும் பழக்கம் வராது.

உணவு: காலையில் இடியப்பமோ ரொட்டியோ கட்டிக்கொள்ளலாம். நெடுந்தீவில் நம்மவர் உணவுக்கடை இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சோறும் மீன்குழம்பும் சொல்லி வைத்தால் சமைத்துத் தருவார்கள். ஒடியல் கூழ் கிடைத்தால் குடித்துப் பாருங்கள், ஆனால் அதில் நண்டும் இறாலும் போடுவார்கள். அவரவர் மத்ஹபின்படி கேட்டுக் குடியுங்கள். பனங்கட்டியும் பினாட்டும் புழுக்கொடியலும் தீவுப் பெண்களிடமே வாங்குங்கள். அது அவர்கள் வீட்டு அடுப்பு எரிய உதவும்.

உடை: கடற்காற்று பலமானது. தலைத்துணியை ஊசி குத்திக்கொள்ளுங்கள். படகில் ஏறி இறங்கத் தட்டையான செருப்பு வேண்டும்.

தொழுகை: ஒரு முஸல்லாவும், கிப்லா காட்டும் கருவியும். நெடுந்தீவில் பனை நிழலில்தான் தொழ வேண்டியிருக்கும். ஒரு வீட்டாரிடம், "கொஞ்சம் தொழுதுகொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முற்றத்தைக் கூட்டித் தருவார்கள்.

ஒதுங்கும் வசதி: குறிகட்டுவானில் படகேறும் முன்பே பெண் பிள்ளைகளை அழைத்துப் போய் வந்துவிடுங்கள். படகில் வசதி இராது.

குப்பை: கொண்டுபோன போத்தலும் பொலித்தீன் பையும் உங்களோடேயே திரும்ப வேண்டும். தீவில் போட்டால் அது காற்றில் பறந்து கடலுக்குத்தான் போகும்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். வந்தவருக்கு ஊரின்மேல் உரிமை இருப்பதுபோல, ஊருக்கும் வந்தவர்மேல் உரிமை இருக்கிறது. அவர்களுடைய தண்ணீரை வீணாக்காமல் இருப்பது, அவர்களுடைய படகில் இடம் விடுவது, அவர்களுடைய வேலிக் கல்லைத் தொடாமல் இருப்பது, அவர்களுடைய துக்கத்தைக் கேட்டு அறிவது எல்லாம் அந்த உரிமையைச் சேர்ந்தவையே. புத்தளத்தில் அகதியாய் இறங்கியபோது யாரோ கொடுத்த ஒரு வாளித் தண்ணீரின் அருமையை அறிந்த சமூகம் நாம். அதை மற்றவர்க்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதியும் நமக்கே அதிகம்.

ஆகவே சகோதரிகளே, இந்த விடுமுறையில் முடிந்தால் போய் வாருங்கள். முடியாதவர்கள் இன்றிரவு சோறூட்டும்போது, உடைந்த கப்பலுக்கும் நீதி சொன்ன அந்தக் கல்லின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பயணம் போகும் எல்லாரையும் அல்லாஹ் நலமாகக் கொண்டு சேர்ப்பானாக! ஊரை இழந்தவர்கள் எந்தச் சமூகத்தவராயினும், தம் ஊரை மீண்டும் அடையும் பாக்கியத்தை அவர்களுக்குத் தருவானாக! ஆமீன்.